தண்ணீர் இல்லாத நாளில் திறந்த மதகு

நீதிமன்றத்தில் "ஆமாம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயம் வரும். இத்தனை வருஷம் அரசுத் தரப்பில் நின்று வாதாடியவள் இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நீங்கள் இப்போதுதான் அரசு உதவி வழக்கறிஞர்களாகச் சேர்ந்திருக்கிறீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் நின்று "ஆமாம் ஐயா, செய்தேன்" என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். சாட்சிகளை அலைக்கழிக்க வேண்டாம், குறுக்கு விசாரணை கிடையாது. கட்டைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போகலாம். நானும் அப்படித்தான் போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷம். திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பையன் என்று சொல்கிறேன், இருபத்திரண்டு வயது இருக்கும். டீக்கடையில் இருந்த டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று வழக்கு. நீதித்துறை நடுவர் குற்றச்சாட்டை வாசித்து, "எடுத்தியா?" என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே "ஆமா" என்றான். "தப்புன்னு தெரியுமா?" "ஆமா." "யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா?" அதற்கும் "ஆமா" என்றான். நடுவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "பதற்றத்தில் சொல்கிறான், குற்றத்தை ஒப்புக்கொண்டதை ஏற்றுக்கொள்ளலாம்" என்றேன். மூன்று மாதம் சிறை.

மறுவாரம் அவனுடைய அக்கா வந்தார். மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவர். புகையிலை வாசனையோடு என் மேசைக்கு முன்னால் நின்றார். அழவில்லை, சண்டை போடவும் இல்லை. "அவன்ட்ட நீ பொம்பளையான்னு கேட்டாலும் ஆமான்னுதாம்மா சொல்லுவான். சின்னதுலருந்தே அப்படித்தான். அத்தன பேரு இருந்தியள, ஒருத்தருக்குமா தெரியல?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் விஷயம். "மிரட்டினார்களா" என்பதற்கும் அவன் ஆமாம் சொன்ன அந்த நொடியில் ஏதோ இடறியது. அன்றைக்கு இருபது வழக்கு இருந்ததால் அந்த இடறலைத் தாண்டிப் போய்விட்டேன். மேல்முறையீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினேன். அது முடிவதற்குள் அவன் மூன்று மாதத்தையும் இருந்து முடித்துவிட்டான்.

இந்த நிகழ்ச்சியை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை என்பது உங்களுக்குப் புரியும். இனிமேல் சொல்லப்போவது நாலு வருஷம் கழித்து நடந்தது. அதிலும் பாதி என் தவறுதான். மீதிப் பாதிக்காகத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய ஊர் நீதிமன்றத்தில் இருந்தேன். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அணையில் தண்ணீர் குறைவு. பிசானப் பயிர் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். இத்தனை நாள் மேல்மடை ஊருக்கு, இத்தனை நாள் கடைமடை ஊருக்கு என்று. மேல்மடை முறை நடக்கும்போது கீழே போகிற மதகை இறக்கி வைத்திருக்க வேண்டும். யாராவது அதை ஏற்றிவிட்டால் மேல்மடை வயல்களுக்கு ஏற வேண்டிய தண்ணீர் கீழே ஓடிவிடும். மூன்று தடவை அப்படி ஓடிவிட்டது. மேல்மடைக்காரர்கள் காவல் இருந்தார்கள். நாலாவது தடவை, விடிந்தும் விடியாத நேரத்தில் ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

பிடிபட்டவர் பெயர் சுடலைமுத்து. வயது அறுபத்தேழு. அதே வாய்க்காலில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதகின் திருகைச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி ஒன்று அவர் கையில் இருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டாலேயே அவர் கையைக் கட்டினார்கள். யாரோ அடித்ததில் புருவத்துக்கு மேல் பிளந்துவிட்டது. கடைமடை ஊர்க்காரர் ஐயாத்துரை என்பவர் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க அந்தப் பக்கம் வந்திருந்தார். அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். கடைமடைக்காரர்கள் லஸ்கருக்குக் கைக்கூலி கொடுத்துத் தண்ணீரைத் திருடினார்கள் என்பது புகார். புகார் கொடுத்தவர் மேல்மடையில் விவசாயம் செய்யும் கோமதிநாயகம் பிள்ளை. ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர். அவருடைய இரண்டரை ஏக்கர் கருகிப்போயிருந்தது.

பாசன மதகில் கைவைத்தது ஒரு பிரிவு. பூட்டை உடைத்ததற்குப் பொதுச் சொத்துச் சேதச் சட்டம் இன்னொன்று. இரண்டாவதைச் சேர்த்துவிட்டால் ஜாமீன் எளிதில் கிடைக்காது. இன்ஸ்பெக்டர் வெளிப்படையாகவே சொன்னார்: "அம்மா, ரெண்டு ஊர்லயும் அருவாளைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். இவங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தாத்தான் நான் தூங்க முடியும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஜாமீன் மனுவை நான் எதிர்த்தேன். மனு தள்ளுபடியானது. இருவரையும் கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பெண் என்னை மறித்தார். சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள். "அம்மா, அவியளுக்கு ரிட்டையர் ஆனதே ஞாபகம் இல்லம்மா. தினமும் டூட்டிக்குப் போணும்னு கெளம்புதாவ. நான் கதவைச் சாத்தி வைக்கேன். நான் அசந்த நேரத்துல போயிருதாவ."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றதை ஒருவர் மறப்பாரா? காலையில் கூண்டில் நின்று தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் மணிமணியாகச் சொன்ன மனிதர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனைவிமார் கணவனைக் காப்பாற்ற எதையாவது சொல்வார்கள். கூண்டில் ஏறியதும் பைத்தியம் மாதிரி நடித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். "வக்கீலிடம் சொல்லுங்கம்மா" என்று நகர்ந்துவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்துக் காவலை நீட்டிக்கக் கொண்டுவந்தார்கள். காலையிலேயே நீதிமன்றத்துக்கு வெளியே இரண்டு ஊர்க்காரர்களும் இரண்டு பக்கமாக நின்றார்கள். நடுவில் போலீஸ். உள்ளே சுடலைமுத்து கூண்டில் நின்றார். பதினைந்து நாளில் ஆள் பாதியாகியிருந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கூண்டை விட்டு இறங்கப் பார்த்தார்.

காவலர் தோளைப் பிடித்தார். நடுவர், "எங்கே போறீங்க?" என்று கேட்டார்.

"நேரம் ஆயிட்டுய்யா. ஆறாம் நம்பர் மதகை எறக்கணும். எறக்கிட்டு வந்திருதேன். லேட்டாப் போனா ஓவர்சியர் ஐயா ஏசுவாவ."

பின்னாலிருந்து சிரிப்பு எழுந்தது. கோமதிநாயகம் பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்லா நடிக்காருவே" என்றார்.

நடுவர் சிரிக்கவில்லை. அவருக்கு என்னைவிட வயது குறைவு. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அரசுத் தரப்பு என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்வி உங்களிடமும் வரும். தாளைப் புரட்டிப் பதில் சொல்ல நேரம் இருக்காது. இன்ஸ்பெக்டர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். வெளியே கூட்டம். "நடிப்புதான்" என்று சொன்னால் அந்த நிமிஷமே முடிந்துவிடும், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். "நோயாக இருக்கலாம்" என்று சொன்னால், இரக்கப்பட்டு ஏமாந்த பொம்பளை என்று பெயர் வரும். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் சொன்னேன். "எனக்குத் தெரியவில்லை. மதியம் வரை நேரம் வேண்டும்."

அரசு வழக்கறிஞர் ஒருவர் திறந்த நீதிமன்றத்தில் தெரியவில்லை என்று சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை போல.

வெளியே வந்ததும் சாட்சிகள் உட்காரும் பெஞ்சுக்குப் போனேன். அங்கே இசக்கி என்று ஒருவர் இருந்தார். சுடலைமுத்துவுக்குப் பிறகு அந்த வாய்க்காலில் லஸ்கராக வந்தவர், நம் தரப்புச் சாட்சி. பூட்டு உடைந்திருந்ததைப் பார்த்தவர் என்று பட்டியலில் போட்டிருந்தார்கள். என்ன கேட்பது என்று எனக்கே தெளிவில்லை. சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"பூட்டு உடஞ்சிருக்கதை எப்ப பாத்தீங்க?"

"அது முன்னமேயே உடஞ்சிட்டேம்மா."

"முன்னமேன்னா? தண்ணி விட்ட அன்னைக்கா?"

"இல்லம்மா, தண்ணி விடுததுக்கு முந்தி. வாய்க்கால் காஞ்சு கெடந்துச்சுல்லா, அப்ப. காலைல போயிப் பாத்தா பூட்டு ஒடஞ்சு, மதகு ஏறி நிக்கு. எறக்கி வச்சேன். ரெண்டு நாள் கழிச்சுப் போனா மறுபடியும் ஏறி நிக்கு. குளிக்க வார பயலுவ வேலையா இருக்கும்னு விட்டுட்டேன். தண்ணிதான் இல்லையே, என்ன நஷ்டம்?"

"அப்படி எத்தனை தடவை?"

"நாலஞ்சு தடவை இருக்கும்மா. யாரும் என்ட்ட கேக்கல. நானும் சொல்லல."

மணலைத் தவிர ஒன்றும் இல்லாத வாய்க்கால். அதில் ஒருவர் விடியற்காலையில் பூட்டை உடைத்து மதகை ஏற்றுகிறார். தண்ணீர் திருடுகிறவன் தண்ணீர் இல்லாத நாளில் எதற்கு வருவான்? கைக்கூலி கொடுத்தவன் காய்ந்த வாய்க்காலைத் திறக்கச் சொல்லியா கொடுத்திருப்பான்? அந்த மனிதர் தண்ணீருக்காக வரவில்லை. வேலைக்கு வந்திருக்கிறார்.

பேச்சியம்மாள் தாழ்வாரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கணவருக்கு என்னவெல்லாம் மறக்கிறது என்று கேட்டேன். சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்பாராம். சின்ன மகனைப் பார்த்து நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதில் அவன் மனம் வெறுத்து மும்பைக்குப் போய்விட்டானாம். பழைய மதகு நம்பர் எல்லாம் வரிசையாகச் சொல்வாராம். "முன்னதெல்லாம் நல்லா நிக்கும்மா. நேத்துள்ளதுதான் நிக்க மாட்டேங்கு" என்றார். எந்த டாக்டரிடமும் காட்டியதில்லை. வயதானால் வருகிற மறதி என்று இருந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதை ஒரு நோய் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் இசக்கி சொன்னதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் முகம் சிவந்துவிட்டது. "இதை நீங்களே கோர்ட்டில் சொன்னா நம்ம கேஸ் என்னம்மா ஆகும்? வெளியே நிக்கிற கூட்டத்துக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்லலைன்னா எதிர்த்தரப்பு வக்கீல் விசாரணையில் கேட்பார். அப்பவும் கேஸ் போகும். அதுக்குள்ள இந்த மனுஷன் போயிருவார்" என்றேன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மனநலம் சரியில்லாத நிலையில் கூண்டில் நிற்கிறவர்களுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பின்பக்கத்தில், யாரும் அதிகம் புரட்டாத இடம். என் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மதியம் எழுந்து, வழக்கை நடத்துவதற்கு முன்னால் இவர் விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்று அரசுத் தரப்பிலேயே மனுச் செய்தேன். காய்ந்த வாய்க்காலைப் பற்றியும் சொன்னேன். நடுவர் இசக்கியைக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார். பிறகு சுடலைமுத்துவிடம், "இப்போ என்ன மாசம்?" என்று கேட்டார். அவர் வெளியே வெயிலைப் பார்த்துவிட்டு, "தண்ணி விட்டாச்சுல்லாய்யா, கார்ப் பருவம்தான்" என்றார். கார்ப் பருவம் ஆனியில் தொடங்குவது; அப்போது நடந்தது மாசி மாதம். நடுவர் அவரை மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் அனுப்ப உத்தரவிட்டார்.

மறுநாள் என் மேலதிகாரி போன் செய்தார். "நீங்க யாருக்கு ஆஜராகுறீங்க?" என்று கேட்டார்.

"அரசாங்கத்துக்குத்தான் சார்."

"அப்படித் தெரியலையே."

"சார், அவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தா அரசாங்கத்துக்கு என்ன கிடைக்கும்? வெளியே வந்த மறுநாள் காலையில் மறுபடி மதகுக்குத்தான் போவார். அவருக்கு ஜெயிலுக்குப் போனதே ஞாபகம் இருக்காது."

"எழுத்துல ரிப்போர்ட் குடுங்க" என்று வைத்துவிட்டார். கொடுத்தேன். நல்ல வேளை, பதில் எதுவும் வரவில்லை. சில சமயம் பதில் வராததே அனுமதி என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

டாக்டரின் அறிக்கை வந்தது. மூளை சிறிது சிறிதாகத் தேய்கிற மறதி நோய். குணமாகாது, கூடத்தான் செய்யும். முதலமைச்சர் யார் என்று கேட்டதற்கு இருபது வருஷத்துக்கு முந்தையவர் பெயரைச் சொன்னாராம். இடம் மாறியதால் நோய் வேகமாக முற்றுகிறது, வீட்டில் பழகிய ஆட்களோடு இருப்பது நல்லது என்று டாக்டர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரி பெரிய உதவி.

இப்படிப்பட்டவரைப் பார்த்துக்கொள்வேன், யாருக்கும் தீங்கு நேராமல் காப்பேன், கூப்பிடும்போது கொண்டுவந்து நிறுத்துவேன் என்று ஒருவர் பிணை கொடுத்தால் வழக்கை நிறுத்திவைத்துவிட்டு நீதிமன்றம் அவரை அனுப்பலாம். பிணைக்குச் சொத்து உள்ள ஆள் வேண்டும். பேச்சியம்மாளிடம் ஓட்டு வீட்டில் ஒரு பங்கு தவிர ஒன்றுமில்லை. கடைமடையிலிருந்து இரண்டு பேர் தயாராக வந்தார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டால் மேல்மடைக்காரர்கள், பாத்தியா, கூட்டுக்களவாணிகள்தான் என்பார்கள். அன்றைக்கே ரத்தம் விழும். வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்பினேன்.

பிறகு கோமதிநாயகம் பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினேன். அவர் நம் தரப்பு வாதி. அவருக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. காய்ந்த வாய்க்காலில் மதகு திறந்ததையும் டாக்டர் எழுதியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டார்.

"அம்மா, நீங்க எனக்காவ நிக்க வேண்டியவிய. அந்தாளுக்காவ நிக்கியளே. சரி, நோயின்னே வச்சுக்கிடுவோம். பதரா நிக்குல்லா எம் பயிரு, அதுக்கு யாரு பொறுப்பு?"

இந்த இடத்தில் அழகாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். நான், "யாரும் இல்லை அண்ணாச்சி. நிவாரணத்துக்கு எழுதிப் பாக்கலாம், கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனா அதைச் செய்தவர்னு ஒருத்தரைக் காட்ட என்னால முடியலை" என்றேன்.

"நடிப்புன்னுதான் நான் இன்னும் சொல்லுதேன்" என்றார்.

"அப்போ நீங்களே போய்ப் பாருங்க. சிறையில் மனுக் கொடுத்தா பார்க்க விடுவாங்க."

கோபத்தோடு போனார். போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நீதிமன்றம் கூடுவதற்கு முன்னால் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. சிறைக்குப் போயிருக்கிறார். நடிப்பின் குட்டை உடைத்துவிடுவது என்ற எண்ணத்தோடுதான் போயிருக்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்த சுடலைமுத்து இவரைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டாராம்.

"எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்புடுதாரும்மா என்னை. 'முதலாளி, ஒங்க தெக்கு வயலுக்குத் தண்ணி ஏறிட்டு, வரப்புல நண்டு வளை இருக்கு, பாத்து அடைங்க'ன்னு சொல்லுதாரு. எங்கப்பா செத்து பதினெட்டு வருஷம் ஆவுது. நான் அப்பா சாயல்தான். தெக்கு வயல் வரப்புல நண்டு வளை உண்டும்மா, அப்ப நான் சின்னவன், நான்தான் போயி மண்ணு வச்சு அடைப்பேன். அந்த வயலை நாங்க வித்தே ரொம்ப நாளாச்சு. நடிக்கவன் இதையெல்லாம் எங்கருந்து எடுப்பான்?"

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இன்னும் கோவம் போவல. ஆனா கோவப்படுததுக்கு அங்கன ஆள் இல்ல."

மஞ்சள் பையிலிருந்து பட்டாவையும் தீர்வை ரசீதையும் எடுத்து மேசையில் வைத்தார். பிணைக்கு அவரே நிற்பதாகச் சொன்னார். ஆனால் அவர் விவரமானவர். சும்மா கையெழுத்துப் போடவில்லை. மதகின் திருகுக்குச் சங்கிலி போட்டுப் பெரிய பூட்டாகப் பூட்ட வேண்டும், அதை உத்தரவில் எழுத வேண்டும் என்றார். கைப்பிடியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றார். இன்னொன்றும் சொன்னார்: "நான் கையெழுத்துப் போட்டா எங்க ஊர்க்காரன் வாய மூடுவான். கடைமடைக்காரனுக்கும் என் மேல பகை இருக்காது. வார கார்ப் பருவத்துல நான் அவன்ட்ட தண்ணிக்குப் பேச வேண்டாமா?" இரக்கம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், நல்ல காரியம் ஒன்று நடக்கும்போது அதைப் பிரித்துப் பார்க்காதீர்கள்.

நடுவர் உத்தரவை வாசித்தபோது இரண்டு ஊர்க்காரர்களும் உள்ளே நின்றார்கள். புகார் கொடுத்தவரே பிணைக்கு நிற்கிறார் என்று கேட்டதும் கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடி அடங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வெளியே நின்ற போலீசைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஐயாத்துரை மீது ஆதாரம் எதுவும் இல்லை என்று சொல்லி, அவர் மீதான வழக்கைத் திரும்பப் பெற்றேன். அவர் விடுதலையானதும் என்னிடம் வந்து, "தண்ணி பாக்க வந்தவனை இருபத்தஞ்சு நாள் உள்ள வச்சியள. ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. இசக்கியிடம் முதல் நாளே நான் பேசியிருந்தால் இருவருமே ஒரு நாள்கூட உள்ளே இருந்திருக்க வேண்டாம். பேச்சியம்மாள் என்னை மறித்தபோது நின்றிருந்தாலும் போதும்.

பிணையில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் சுடலைமுத்து நாலு தடவை வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். பேச்சியம்மாள் ஓடிப்போய்க் கோமதிநாயகம் பிள்ளையிடம் அழுதிருக்கிறார். அவர் ஒரு யோசனை செய்தார். கதவைச் சாத்தி வைக்காமல், காலையில் தன் வயலுக்குப் போகும்போது வழியில் இவரையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். வாய்க்கால் கரையோடு நடந்து மதகு வரை போவார்கள். சங்கிலி போட்ட மதகைச் சுடலைமுத்து தொட்டுப் பார்ப்பார். "எறக்கியாச்சு, எல்லாம் சரியா இருக்கு, வாரும்" என்று பிள்ளை சொல்வார். அவ்வளவுதான், மனிதர் சமாதானமாகத் திரும்பிவிடுவார். வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் போதும் அவருக்கு. மூன்று மாதத்தில் பேச்சியம்மாள் என்னைப் பார்க்க வந்தபோது கொஞ்சம் சதை போட்டிருந்தார். ராத்திரி இருவரும் தூங்குகிறோம் என்றார்.

வழக்கு நிலுவையில் இருந்ததால் அவ்வப்போது அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிள்ளை ஒரு வாய்தாவும் தவறவில்லை. வெள்ளை வேட்டி, சட்டை போட்டு, தலைவாரிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார். கூண்டில் ஏற்ற வேண்டாம், பெஞ்சிலேயே உட்காரட்டும் என்று நடுவர் சொல்லியிருந்தார். அடுத்த வருஷம் வழக்கை முழுவதுமாகத் திரும்பப் பெற அனுமதி வந்தது. அதற்கு முந்தைய வாய்தாவில் நடுவர் வழக்கம்போலப் பிள்ளையிடம் கேட்டார்:

"இவரால் யாருக்கும் தொந்தரவு உண்டா?"

உத்தரவுப்படி பதில் "இல்லை" என்று பதிவாக வேண்டும். எழுத்தர் அதை எழுதப் பேனாவைத் தாளில் ஊன்றிவிட்டார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். சுடலைமுத்து அவருடைய சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொந்தரவு இல்லாம இருக்குமாய்யா? தினமும் உண்டு" என்றார் பிள்ளை. "இருக்கட்டும்."